முதலாம் ஆண்டுப் பௌதிகவியல்: தலைகீழ் வகுப்பா, வழமையான விரிவுரையா?

பல்கலைக்கழகத்துக்குள் வந்த முதல் வாரங்களிலேயே பௌதிகவியல் விரிவுரையாளர் சிலர் இப்படிக் கேட்பதுண்டு: "இந்த செமஸ்டரை வழமை மாதிரி நான் பலகையில எழுதி நடத்தவா, இல்லாட்டி வீடியோவையும் குறிப்பையும் முதலே தந்துபோட்டு வகுப்பில உங்களைக் கொண்டு கணக்குச் செய்விக்கவா? யோசிச்சு, பட்சா வாக்கெடுத்துச் சொல்லுங்கோ." அன்றிரவே பட்ச் வட்ஸ்அப் குழுமத்தில் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒரு பக்கம், "நாங்களே வீட்டில படிக்கிறதெண்டா சேர் என்னத்துக்கு?" மற்றப் பக்கம், "வீடியோ எண்டா எப்பவும் பாக்கலாம்தானே, நித்திரை கொள்ளலாம்." இந்த இரண்டு காரணத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். வவுனியாப் பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ இருந்து படிக்கிற, வார இறுதியில் முள்ளியவளைக்கோ மல்லாவிக்கோ செட்டிகுளத்துக்கோ பஸ் ஏறுகிற ஒரு பிள்ளைக்கு எது பொருந்தும் என்பது வேறு கணக்கு.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வகுப்பு நேரம் உண்மையாகவே கேள்விக்கும் விவாதத்துக்கும் போகும் என்றால் சேர் சொன்ன இரண்டாவது முறையை, அதாவது தலைகீழ் வகுப்பை எடுங்கள். வீடியோவைத் தந்துவிட்டு வகுப்பில் பழையபடி விரிவுரைதான், அல்லது வகுப்பே குறைகிறது என்றால் வேண்டாம், வழமையான விரிவுரையே மேல். விரிவுரையாளருக்கு உதவியாக நிற்கிற செயல்விளக்குநராக இருந்த காலத்தில் இரண்டு முறையையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வீடியோ இதில் சின்ன விசயம்.

தலைகீழ் வகுப்பு என்பது விளக்கத்தை வீட்டுக்கும் பயிற்சியை வகுப்புக்கும் மாற்றுவது, அவ்வளவுதான். இந்தப் பெயரில் அது பரவியது அமெரிக்காவின் கொலராடோவில், வூட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் இரசாயனவியல் படிப்பித்த ஜோனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்களால். விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத்தான் 2007 அளவில் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். பௌதிகவியலில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991 இலேயே விரிவுரையைக் குறைத்து, வாசித்துவிட்டு வரச் சொல்லி, வகுப்பில் கேள்வி போட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டார். அப்போது வீடியோ ஒன்றும் கிடையாது, புத்தகம்தான்.

அந்த வாதாட்டம் எப்படி இருக்கும் என்பதை ஒரு வகுப்பை வைத்தே சொல்கிறேன். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுத்துக்கொண்டு புறப்படுகிறது, வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. லான்ட்மாஸ்ரர் பெட்டியை இழுக்கிற விசை பெரிதா, பெட்டி லான்ட்மாஸ்ரரைப் பின்னுக்கு இழுக்கிற விசை பெரிதா, இரண்டும் சமமா? முதல் தடவை கை உயர்த்தச் சொன்னால் பெரும்பாலான கைகள் லான்ட்மாஸ்ரர் பக்கம்தான். அது இழுக்கிறபடியால்தானே பெட்டி வருகிறது என்பது வாதம். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூற்றனின் மூன்றாம் விதியை உயர்தரத்தில் எழுதி முழுப் புள்ளி எடுத்தவர்களும் இதில் கை தூக்குவார்கள். பிறகு நாலு பேராக இருந்து கதைக்க விட்டால் சத்தம் கிளம்பும். ஒரு குழுவில், தொழில்நுட்பப் பிரிவில் இருந்து வந்த விசுவமடுப் பக்கத்துப் பெடியன் ஒருவன், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவன், "சேத்துக்க மாட்டினா எஞ்சின் முறுக்கத்தான் செய்யும், சில்லும் சுத்தும், ஆனா பெட்டி அசையாது. அப்ப முன்னுக்குத் தள்ளுறது நிலம்தானே?" என்று கேட்டான். அதோடு கதை மாறிவிட்டது. சில்லு நிலத்தைப் பின்னுக்குத் தள்ள நிலம் சில்லை முன்னுக்குத் தள்ளுகிறது, சேற்றில் அந்த உராய்வு போதாது. பெட்டியை லான்ட்மாஸ்ரரோடு பூட்டுகிற கொளுவியில் இருக்கிற இரண்டு விசையும் எப்போதும் சமம், ஆனால் அவை இரண்டு வேறு பொருள்களில் தாக்குகின்றன. பெட்டிக்கு ஆர்முடுகல் வருவது, அதாவது வேகம் கூடுவது, அதை முன்னுக்கு இழுக்கிற விசை அதன் சில்லுகளில் இருக்கிற தடையைவிடப் பெரிதாக இருப்பதால். லான்ட்மாஸ்ரர் முன்னுக்கு வருவது, நிலம் தள்ளுகிற விசை பெட்டி பின்னுக்கு இழுக்கிற விசையைவிடப் பெரிதாக இருப்பதால். பொருளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதில் தாக்குகிற விசைகளை மட்டும் வரைந்து பார் என்று விரிவுரையில் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாதது, அன்றைக்கு அரைமணித்தியாலத்துக்குள் ஏறியது.

விரிவுரையிலும் இதே உதாரணத்தை ஒருவர் சொல்லலாம், அழகாகவும் சொல்லலாம். ஆனால் கேட்கிற பிள்ளை தன் தலைக்குள் இருக்கிற பிழையான விடையை வெளியே எடுத்து வைக்கவேண்டிய தேவை அங்கே இல்லை. தலையாட்டிவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடலாம். வன்னியில் உயர்தரம் படித்த எங்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகவே ஊறியது. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ரியூசனுக்கு ஓடி, நெருக்கி இருத்திய மண்டபத்தில் சேர் சொல்லச் சொல்ல எழுதி, கடந்தகால வினாத்தாளைத் திரும்பத் திரும்பச் செய்து வந்தவர்கள் நாங்கள். அப்படிப் படித்தவர்களுக்கு உழைப்பு நிறைய உண்டு. வாய் திறந்து "எனக்கு இப்படித்தான் விளங்குது, சரியா?" என்று கேட்டுப் பழக்கம் குறைவு. இது மாறவேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன், தலைகீழ் வகுப்பின் பக்கம் நான் சாய்வதற்கு அதுதான் முக்கியமான காரணம்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? விசை பற்றிய அடிப்படை விளக்கத்தைச் சோதிக்க 1992 இல் ஹெஸ்தனிஸ் குழுவினர் ஒரு பல்தேர்வு வினாத்தாள் உருவாக்கினார்கள், லான்ட்மாஸ்ரர் கேள்வி மாதிரியானவைதான் அதில் இருக்கும். அதை வைத்து ரிச்சர்ட் ஹேக் 1998 இல் 62 பாடநெறிகளை, 6,000 க்கும் மேற்பட்ட மாணவர்களை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில் எத்தனை பங்கு பாடத்தின் பின் தெரிந்தது என்பது அவருடைய அளவு. வழமையான விரிவுரைகளில் சராசரி 0.23, மாணவர்கள் கலந்து பேசிச் செய்கிற வகுப்புகளில் 0.48. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு 2011 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், முதலாம் ஆண்டுப் பெரிய வகுப்பு இரண்டை எடுத்து, ஒரு வாரம் மட்டும் ஒன்றை அனுபவமுள்ள, மாணவர்களுக்குப் பிடித்த விரிவுரையாளரும் மற்றதை அனுபவம் குறைந்த ஆனால் இந்த முறையில் பயிற்சி பெற்றவர்களும் நடத்தினார்கள். முன்கூட்டியே வாசிப்பு, சின்ன வினா, வகுப்பில் குழுவாகக் கணக்கு. அந்த வாரப் பாடத்தில் வைத்த சோதனையில் விரிவுரை வகுப்பின் சராசரி 41 வீதம், மற்றது 74 வீதம்.

இந்த எண்களைக் காட்டி "வீடியோ முறைதான் வெல்லும்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். ஜேமி ஜென்சன் குழுவினர் 2015 இல் வெளியிட்ட உயிரியல் வகுப்பு ஆய்வில், இரண்டு வகுப்பிலும் மாணவர்களைச் செய்ய வைக்கிற முறையையே வைத்து, ஒன்றைத் தலைகீழாகவும் மற்றதைத் தலைகீழாக்காமலும் நடத்திப் பார்த்தபோது வித்தியாசம் இல்லாமல் போனது. அதாவது பலன் வந்தது வகுப்பில் மாணவர் செய்கிற வேலையில் இருந்து, எது வீட்டில் எது வகுப்பில் என்ற ஒழுங்கில் இருந்து அல்ல. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் நடந்து 2021 இல் வெளிவந்த ஆய்வு எனக்கு இன்னும் கவலை தந்தது. கணிதத்தில் குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் முன்னேற்றம், பொருளியலில் ஒன்றும் இல்லை, ஆனால் முதலே நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்களுக்கே பலன் போய், பின்தங்கியவர்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான இடைவெளி கூடியது. எங்கள் வகுப்புகளில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. கணிதப் பிரிவில் பௌதிகவியலை முழுமையாகப் படித்தவரும், தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானம் படித்து வந்தவரும், விவசாயம் எடுத்தவரும் ஒரே மண்டபத்தில் இருக்கிற இடங்கள் உண்டு. விரிவுரையில் வேகம் ஒன்றுதான், ஒருவருக்கு அலுப்பு, மற்றவருக்கு மூச்சு முட்டும். தலைகீழ் வகுப்பில் பின்தங்கியவர் இரண்டு தரம் பார்க்கலாம் என்பது உண்மை, ஆனால் பார்க்காமல் வந்தால் அந்த நாள் முழுக்க வீண். குழுவில் ஒருவர் செய்ய மற்ற மூவர் பார்த்து எழுதுவார்கள், அதுவும் பெடியள் பெரிய சத்தத்தில் கதைக்கிற குழுவில் பெட்டைகள் எழுதுகிற வேலைக்குப் போய்விடுவார்கள். விரிவுரையாளரோ செயல்விளக்குநரோ சுற்றி வந்து, "இதை நீங்க சொல்லுங்கோ தங்கச்சி" என்று ஆளைப் பார்த்துக் கேட்டால்தான் அது உடையும்.

எங்களுக்கென்று தனியாக ஒரு நன்மை உண்டு, அது மொழி. தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு வந்தவருக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் விரிவுரை. ஆர்முடுகல், உந்தம், திணிவு எல்லாம் நன்றாகத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்து அது எது என்று யோசிப்பதற்குள் அடுத்த சமன்பாட்டுக்குப் பலகை போய்விடும். பௌதிகவியல் விளங்கவில்லை என்று நினைத்துச் சோர்ந்துபோகிறவர்களில் கனபேருக்கு விளங்காமல் போனது ஆங்கிலம். வீடியோவை நிறுத்தலாம், பின்னுக்குப் போகலாம், வேகத்தைக் குறைக்கலாம், தெரியாத சொல்லைப் பார்த்துவிட்டு வரலாம். வகுப்பில் குழுவாக இருக்கும்போது தமிழில் வாதாடி, விடையை ஆங்கிலத்தில் எழுதலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வன்னிப் பிள்ளைகளுக்குத் தலைகீழ் வகுப்பு பெறுமதியானது என்பேன். விரிவுரையாளர் விரிவுரையையே பதிவுசெய்து தந்தாலும் இந்த நன்மையில் பாதி கிடைக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

"வீட்டுவேலை கூடும்" என்பது பெரிய முறைப்பாடு. கணக்கைப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம், அதில் விரிவுரை 45 தான். மீதி 105 மணித்தியாலம் நீங்களாகப் படிப்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் பாடமே அமைத்திருக்கிறார்கள். பதினைந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு விரிவுரைக்கு வெளியே ஏழு மணித்தியாலம். விரிவுரை முறையில் அந்த ஏழையும் பரீட்சைக்கு முந்திய விடுமுறைக்குத் தள்ளிப்போட வழி இருக்கிறது, தலைகீழ் வகுப்பில் அந்த வழி அடைபடுகிறது. வேலை கூடவில்லை, கடைசி வாரத்தில் இருந்து எல்லா வாரத்துக்கும் பரவுகிறது. ஆனால் மற்றப் பாடங்களின் விரிவுரையாளர்களும் இதையே தொடங்கினால் அது வேறு பிரச்சினை, ஒரே செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் இப்படி வந்தால் நான் எதிர்த்தே வாக்களிப்பேன்.

வீடியோ எவ்வளவு நீளம் என்பதையும் பாருங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை வைத்து 2014 இல் வந்த ஆய்வில் ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் பார்ப்பவர்களின் கவனம் விழத் தொடங்கியது. பழைய சூம் விரிவுரையை அப்படியே ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஏற்றிவிட்டு இதுதான் தலைகீழ் வகுப்பு என்றால் அதைப் பார்க்க யாராலும் முடியாது. மிகத் தெளிவான வீடியோவிலும் ஒரு பொறி உண்டு. வெரிட்டாசியம் யூடியூப் தளத்தை நடத்துகிற டெரெக் முல்லர் தன் கலாநிதிப் பட்டத்துக்காகச் சிட்னியில் செய்த ஆய்வில், நேராக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள் "நல்லா விளங்குது" என்று சொன்னார்கள், கற்றது குறைவு. மாணவர்களின் பிழையான எண்ணத்தை எடுத்துப் பேசித் திருத்திய வீடியோ குழப்பமாக இருந்தது என்றார்கள், கற்றது கூட. எனவே பார்த்துவிட்டு விளங்கின மாதிரி இருந்தாலும் கொப்பியை மூடிவைத்து ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். ஆறு நிமிட வீடியோவுக்கு நிறுத்தி, எழுதி, செய்து பார்க்க அரைமணித்தியாலம் போவது சாதாரணம்.

இணையம், டேட்டா. விடுதியில் பல்கலைக்கழக வைஃபை இருக்கும்போது வெள்ளிக்கிழமைக்கு முன் அடுத்த வாரத்துக்கு உரியதை இறக்கிவிடுங்கள், ஒட்டுசுட்டான் பக்கமோ மடுப் பக்கமோ வீட்டுக்குப் போனபின் சிக்னலை நம்ப வேண்டாம். விரிவுரையாளர் யூடியூப் இணைப்பை மட்டும் தருகிறவராக இருந்தால், இறக்கக்கூடிய கோப்பாகவும், அதே பாடத்தைப் பத்துப் பக்கப் பிடிஎப் குறிப்பாகவும் தரச் சொல்லுங்கள். கொலராடோப் பல்கலைக்கழகத்தின் பெற் (PhET) என்ற கணினிப் பரிசோதனை உருவகங்களையும் இறக்கி வைத்து இணையம் இல்லாமலே ஓடவிடலாம், சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. போன் ஒன்றைத் தம்பி தங்கச்சியோடு பங்கிட்டுப் பாவிக்கிற வீடுகளும் இன்னும் இருக்கின்றன. பட்சில் அப்படி ஒருவர் இருந்தாலும், நூலகத்திலோ கணினிக் கூடத்திலோ பின்னேரம் பார்க்க ஒழுங்கு செய்த பிறகுதான் வாக்கெடுப்பு நடக்கவேண்டும். காலபோக அறுவடை வருகிற தை, மாசியில் வீட்டில் ஆள் தேவைப்படும், களத்துக்குப் போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். அந்த வாரங்களில் விரிவுரையைத் தவறவிட்டால் நண்பரின் கொப்பிதான் கதி. தலைகீழ் வகுப்பைத் தவறவிட்டால் வீடியோ கையில் இருக்கும், ஆனால் குழுவில் நடந்த விவாதம் திரும்பக் கிடைக்காது. இதில் இரண்டுக்கும் சமமான நட்டம் என்றே எனக்குப் படுகிறது.

விரிவுரையைத் தரக்குறைவாக நான் சொல்லவில்லை. மின்புலம் பற்றிய கவுசின் விதி மாதிரி ஒன்றை முதன்முதல் கேட்கும்போது, நன்றாகத் தெரிந்த ஒருவர் பலகையில் ஒவ்வொரு படியாகக் கட்டி எழுப்புவதைப் பார்ப்பது தனிச் சுகம், அதுவும் பாடத்தின் மேல் ஆசையை உண்டாக்கும். ஒரு பெரிய வகுப்புக்கு ஒரேயொரு விரிவுரையாளர், செயல்விளக்குநர் எவரும் இல்லை, கதிரைகள் நிலத்தோடு பூட்டிய மண்டபம் என்றால் தலைகீழ் வகுப்பு நடத்துவது கடினம், அந்த நிலையில் நல்ல விரிவுரையும் வாரத்துக்கு ஒருமுறை ஒழுங்கான டியூட்டோரியலும் போதும். ஆய்கூடம் இரண்டு முறையிலும் ஒன்றேதான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, திறந்த பல்கலைக்கழகம். வேலை செய்துகொண்டு விஞ்ஞானப் பட்டம் படிக்க விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள். பாடப் புத்தகத்தை வீட்டில் வாசித்துவிட்டு, நாள் வகுப்புக்கு வந்து கேள்வி கேட்கிற அமைப்பு அது, யாரும் தலைகீழ் வகுப்பு என்று பெயர் வைக்க முந்தியே அவர்கள் செய்துவந்தது. ஆனால் நாள் வகுப்புகள் குறைவு, இடையில் உங்களைத் தட்டி எழுப்ப ஆள் இல்லை. தன்னந்தனியாக ஒழுங்காக வாசிக்கக்கூடியவர் என்று உங்களை நீங்களே நம்பினால் நல்லது, பதிய முன் பௌதிகவியல் ஆய்கூட வகுப்புகள் எந்த நிலையத்தில் நடக்கும் என்று கேட்டுவிடுங்கள், அதற்காகத் தூர இடத்துக்குப் போய்த் தங்கவேண்டி வந்தால் செலவு கூடும்.

தலைகீழ் வகுப்புக்கு வாக்களித்தால் ஒரு விசயத்தை முதலே தெரிந்து வைத்திருங்கள். மூன்றாம் நாலாம் வாரத்தில் பட்சே சேர்ந்து, "ஒண்டும் விளங்கேல்லை, சேர் படிப்பிக்கிறாரில்லை, பழையபடி மாத்துவம்" என்று கிளம்பும். ஹாவாட்டில் அறிமுகப் பௌதிகவியல் வகுப்புகளில் செய்து 2019 இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. தாங்களே செய்து படித்த மாணவர்கள் சோதனையில் கூட எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு எல்லாம் விளங்கின மாதிரி இருந்தது, கற்றது குறைவு. தடுமாறுகிறபோது படிப்பு நடக்கவில்லை என்று நினைப்பது இயல்பு. அதனால் மாற்றச் சொல்லிக் கடிதம் எழுத முன், செமஸ்டர் நடுவில் வைக்கிற முதல் பரீட்சையின் புள்ளி வரும்வரை பொறுங்கள்.

வாக்களிக்க முன் பட்ச் பிரதிநிதி விரிவுரையாளரிடம் நேராகக் கேட்கவேண்டியது இவ்வளவு. வகுப்பு மணித்தியாலம் குறையுமா, அப்படியே இருக்குமா? முன்கூட்டிப் பார்த்துவிட்டு வந்ததற்குச் சின்னதாகவாவது தொடர் மதிப்பீட்டுப் புள்ளி உண்டா? (புள்ளி இல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தில் பாதிப்பேர் பார்க்காமல் வருவார்கள்.) குழுக்களை அவர் பிரிப்பாரா, நாங்கள் கூட்டாளிகளோடு இருந்துவிடலாமா? அவர் பிரித்து, கணிதப் பிரிவுக்காரரையும் தொழில்நுட்பப் பிரிவுக்காரரையும் கலந்து விடுவதே நல்லது. எத்தனை செயல்விளக்குநர்கள் வருவார்கள்? இறுதிப் பரீட்சைக் கேள்விகள் வகுப்பில் செய்கிற கேள்விகளின் சாயலில் இருக்குமா, பழைய வினாத்தாள் மாதிரியேதானா? விடை திருப்தியாக இருந்தால் தயங்காமல் ஆம் போடுங்கள். இல்லாவிட்டால் விரிவுரைக்கே வாக்களித்துவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து வாரத்துக்கு ஒரு பின்னேரம் கன்ரீன் மேசையில் இருந்து, டியூட்டோரியல் தாளின் விடைப்பக்கத்தை மூடிவைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் ஒரு கணக்கை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துங்கள். அதற்குச் சேரின் அனுமதியும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.